வெறுந்தொட்டிலும் இரண்டு வாழைப்பழமும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுவதற்கு எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. அதற்கு முன்பு யார் எதைக் கேட்டாலும் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டிவிடுவேன். அப்படி ஆட்டிய ஆட்டங்களில் அநேகமானவை பெரிய சேதமில்லாமல் முடிந்தன. (பனியில் சறுக்கத் தெரியுமா என்று கேட்டவருக்குச் சொன்ன ‘ஓம்’ மட்டும் என் இடது முழங்காலில் இன்னும் இருக்கிறது.) ஆனால் ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தில், சபை முழுவதும் பார்த்திருக்க, நான் பட்ட வெட்கம் அப்படி முடியவில்லை. இதை எழுதும்போதுகூட இரண்டு காதும் சூடாகின்றன.

எண்பத்தாறாம் ஆண்டு. நான் மட்டக்களப்பிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டியிருந்தேன். கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே புறப்பட்டவன். மனைவி வசந்தி கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று விசாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், கனகண்ணையோடு குடியிருந்தேன். கனகண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அந்த யோசனையால் வரும் சிக்கலுக்கு மட்டும் இருக்காது.

அந்த பேஸ்மென்டில் என் சொத்து என்று சொல்ல இரண்டு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. நீலப்பூப் போட்டவை. ஒன்றில் நான் குடிப்பேன். மற்றது வசந்திக்கு. கடையில் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தேன். ஒருநாள் கனகண்ணை அவசரத்துக்கு அதை எடுத்து ரீ ஊற்றப்போக, நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் படியிறங்கி வந்துவிட்டார். “கோப்பைதானேயடா, கண்ணகி சிலையோ?” என்றார் கனகண்ணை. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை.

பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஒரு தேவாலயத்தில் புதிதாக வந்தவர்களுக்குக் குளிர் உடுப்புகள் கொடுத்தார்கள். அங்கேதான் எனக்கு டோரத்தி அம்மையார் அறிமுகமானார். அறுபது வயதிருக்கும். உயரமான, அதிகம் சிரிக்காத மனுஷி. ஒரு கோட்டும், பச்சையும் செம்மஞ்சளும் வரிவரியாகப் போட்ட மப்ளர் ஒன்றும் தந்தார். (கோட் பெண்களுடையது என்பது வசந்தி வந்த பிறகுதான் தெரிந்தது. பொத்தான் மாறி இருப்பதைக் கனடாவின் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.) மப்ளர் அவர் கையால் பின்னியது. அந்த நிறத்தில் இன்னொன்று கனடாவில் இருக்கவே முடியாது.

அந்தச் சபை ஆண்டுக்கு ஒரு குடும்பமாக அகதிகளை ஸ்பொன்சர் செய்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் டோரத்தியிடம் வசந்தியைப் பற்றிச் சொன்னேன். கமிட்டியில் கதைக்கிறேன் என்றார். அந்த நேரத்தில் என் புத்தி கோணலாக வேலை செய்தது. கிறிஸ்தவனாக இருந்தால் கமிட்டியின் கை சீக்கிரம் கையெழுத்துப் போடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பேச்சோடு பேச்சாக, “நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். தேவாலயப் பாட்டெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும்” என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் மொத்தமும் பொய். நான் பிள்ளையார் கோயில் வீதியில் பிறந்து வளர்ந்த சைவப் பிள்ளை. பாடசாலைப் பாட்டுக் குழுவில் சேர்ந்ததே, டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடினால் கேக் கிடைக்கும் என்பதற்காகத்தான்.

நவம்பர் கடைசியில் டோரத்தி தொலைபேசியில் கூப்பிட்டார். (அவர் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் மானம் இன்னும் கொஞ்சம் போகும் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.)

“வரும் ஞாயிறு அட்வென்ட்டின் முதல் ஞாயிறு. உங்கள் மொழியில் ஒரு அட்வென்ட் பாட்டுப் பாடி, அதன் பொருளை எங்களுக்குச் சொல்வீர்களா? ஆராதனை முடிந்து கோப்பி குடிக்கும்போது உங்கள் மனைவியின் விஷயமும் பேசப்படும். அட்வென்ட் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம், ஓம். நல்லாத் தெரியும்” என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கனகண்ணையைக் கேட்டேன். “அண்ணை, அட்வென்ட் எண்டா என்ன?”

“நத்தாருக்கு, அதான் கிறிஸ்மசுக்கு, உவங்கள் வைச்சிருக்கிற மற்றப் பேராக்கும். எங்கடை தைப்பொங்கலை மகர சங்கராந்தி எண்டு சொல்லுறேல்லையோ, அதுமாதிரி. நீ பயப்பிடாதை. பாட்டை எடுத்து விடு. அர்த்தம் என்ன அர்த்தம்? பிள்ளை பிறந்திட்டுது, எல்லாரும் சந்தோசமா இருங்கோ. இவ்வளவுதானே?”

எனக்கும் அது சரியாகவே பட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பாட்டு மாஸ்ரர் டிசம்பர் முழுக்க ஒரு பாட்டை மெதுவாக, அழாக்குறையாகப் பாடவைப்பார். மத்தளத்தைப் பூட்டி வைத்துவிடுவார். இருபத்துநாலாம் திகதி இரவுதான் அலுமாரி திறக்கும், மத்தளம் வெளியே வரும், வேகமான பாட்டு வரும். மத்தளத்தின் தோல் தேய்ந்துபோகும் என்று மனுஷன் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்பது எங்கள் வகுப்பின் ஏகோபித்த முடிவு. அந்த மெதுவான பாட்டுத்தான் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அதையே பாடுவதென்று தீர்மானித்தேன். பொருளுக்குக் கனகண்ணையின் உரையையே ஆங்கிலத்தில் பாடமாக்கினேன்.

ஞாயிறு காலை பஸ் பிந்திவிடும் என்ற பயத்தில் வெள்ளனவே போய்விட்டோம். தேவாலயம் திறந்திருந்தது, ஆள் இல்லை. கனகண்ணை ஆராதனை முடிய அப்படியே வேலைக்குப் போவதற்காகச் சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தார். இரண்டு பேரும் முன்னால் போய்ப் பார்த்தோம்.

பீடத்துக்குப் பக்கத்தில் மரத்தால் செய்த ஒரு தொழுவம். முழங்கால் உயரத்தில் மரியாள், யோசேப்பு, ஒரு கழுதை, சில ஆடுகள். எல்லாரும் நடுவில் இருந்த தொட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிலில் வைக்கோல் மட்டும் கிடந்தது.

“பிள்ளை எங்கை?” என்றார் கனகண்ணை.

“காணேல்ல அண்ணை.”

“உவங்கள் துலைச்சுப்போட்டாங்களடா! சாமான் அடுக்கேக்கை எங்கையோ விழுத்திப்போட்டாங்கள்.” குரலைத் தாழ்த்தினார். “மூலஸ்தானம் வெறுமையாக் கிடக்கு, சனம் வரப்போகுது. இதென்ன கண்ராவி!”

அதுமட்டுமில்லை. பச்சை இலை சுற்றிய வளையம் ஒன்றில் நான்கு மெழுகுதிரிகள் நின்றன. ஊதா மூன்று, இளஞ்சிவப்பு ஒன்று. ஒன்றும் எரியவில்லை. விளக்கில் ஒரு முகத்தை ஏற்றி மற்றதை இருட்டாக விட்டாலே ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே எல்லாமே இருட்டு.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? யாரையாவது தேடிப்போய்க் கேட்பான். ஆனால் நான் அட்வென்ட் பற்றி நல்லாத் தெரிந்தவன் அல்லவா! அதோடு, பிள்ளையைக் காணாமல் சபை தவித்து நிற்கும்போது அதைக் காப்பாற்றியவன் நான் என்று தெரியவந்தால், கமிட்டி வசந்தியை மட்டுமில்லை, என் மாமியாரையும் சேர்த்தே கூப்பிடும் என்று தோன்றியது. கீழே சிறுவர் வகுப்பறைக்கு ஓடினேன். விளையாட்டுச் சாமான் பெட்டியில் ஒரு பொம்மை இருந்தது. கண் மூடித் திறக்கும் பிளாஸ்டிக் பொம்மை. தூக்கியதும் “மா…மா” என்றது.

“உன்னைத்தான் கூப்பிடுது” என்றார் கனகண்ணை.

பொம்மை பெரிது. யோசேப்பைவிடப் பெரிது. தொட்டிலில் வைத்தபோது கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு ஆட்டைத் தள்ளி விழுத்தின. ஆட்டைக் கழுதைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உடுப்பில்லாமல் கிடக்கிறதே என்று என் மப்ளரைக் கழற்றிச் சுற்றினேன். கனகண்ணை சிகரெட் லைட்டரை எடுத்து நான்கு மெழுகுதிரியையும் கொளுத்தினார். பிறகு ஒரு அடி பின்னால் நின்று பார்த்தார். ஏதோ குறைகிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பையைத் திறந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்துத் தொட்டிலுக்கு முன்னால் வைத்தார்.

“இப்பதான் களை கட்டுது” என்றார்.

சனம் வரத் தொடங்கியது. நாங்கள் முன்வரிசையில் ஒன்றும் அறியாதவர்கள் போல் இருந்தோம். உள்ளே வந்த ஒவ்வொருவரும் நடையில் ஒரு கணம் நின்றார்கள். யாரோ ஒரு பெண் “ஐயோ” என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னார். பிள்ளை கிடைத்த மகிழ்ச்சி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஓர்கன் முழங்க, எல்லாரும் எழுந்து பாட, போதகர் நடந்துவந்தார். வளையத்தைக் கண்டதும் அவருடைய கால் ஒன்று தடுக்கியது.

பாட்டு முடிந்ததும் ஹரோல்ட் என்ற முதியவரைச் சக்கர நாற்காலியில் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொண்ணூறு வயது தாண்டியவர். காது சரியாகக் கேளாது. அதனால் உலகத்துக்கும் கேளாது என்று நினைத்து உரக்கப் பேசுவார். அவருடைய நடுங்கும் கையில், நுனியில் தீ எரியும் ஒரு நீளக் கோல். முதல் மெழுகுதிரியைக் கொளுத்த வந்திருந்தார். எரிந்துகொண்டிருந்த நான்கையும் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். டோரத்தியின் பக்கம் திரும்பினார்.

“டோரத்தி! நான் நத்தார்வரைக்கும் நித்திரையாகிவிட்டேனா?”

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கோலைப் பிடித்தபடி, இனி அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார். நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறும் ஒவ்வொரு மெழுகுதிரியாகக் கொளுத்துவார்கள் என்பதும், முந்திய ஆண்டுவரை அந்த முதல் மெழுகுதிரியைக் கொளுத்தியவர் அவருடைய மனைவி என்பதும், அந்த மனைவி கோடையில் காலமாகிவிட்டார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் ஏதோ ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது என்பது அந்தக் கையைப் பார்த்ததும் விளங்கியது.

“இதை யார் செய்தது என்று யாருக்காவது தெரியுமா?” என்று போதகர் அமைதியாகவே கேட்டார்.

இப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கூரையைப் பார்த்தேன். அதில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இல்லை. கண்ணை இறக்கியபோது டோரத்தி பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உடம்பில் பச்சையும் செம்மஞ்சளும் வரிவரியாக. பிறகு மெதுவாகத் திரும்பி என் வெறும் கழுத்தைப் பார்த்தார். பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போதகர் நிலைமையைச் சமாளிக்க நினைத்து என்னை அழைத்தார். “நம் நண்பர் தம் தாய்மொழியில் ஒரு அட்வென்ட் பாட்டைப் பாடி, அதன் பொருளையும் விளக்குவார்.”

எழுந்து நின்று பாடத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்கில் பாடிய பாட்டு. ஒருநாளாவது அதன் சொற்களைக் கேட்டிருப்பேனா? கேக்கை நினைத்தே பாடியவன். அன்றைக்குத்தான், வேறு எதையும் நினைக்கத் துணிவில்லாமல், என் வாயிலிருந்து வருவதை நானே கேட்டேன்.

*வெறுந்தொட்டில் பார்த்திருக்க, விளக்கொன்று காத்திருக்க,*
*வாசலைச் சாத்தாமல் வைத்தோம், வந்தருளும் நாதா.*

வெறுந்தொட்டில். ஒற்றை விளக்கு. இன்னும் வரவில்லை, வாரும் என்று கூப்பிடுகிற பாட்டு. பிள்ளை பிறந்த பாட்டு அல்ல. மாஸ்ரர் இருபத்துநாலாம் திகதி இரவுவரை மத்தளத்தைப் பூட்டி வைத்தது கஞ்சத்தனத்தால் அல்ல. எனக்குப் பின்னால் நான்கு மெழுகுதிரி எரிய, ஒரு பிளாஸ்டிக் பொம்மை கால் நீட்டிப் படுத்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு வாழைப்பழம்.

ஒருவாறு பாடி முடித்தேன். பொருள் சொல்ல வேண்டும். பாடமாக்கிய ஆங்கிலத்தைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். தமிழ் தெரிந்த ஒரே ஆள் கனகண்ணை. அவர் காட்டிக்கொடுக்கமாட்டார். ஆனால் டோரத்தி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பாட்டு… தொட்டில் வெறுமையாக இருக்கிறது என்று சொல்கிறது” என்றேன்.

“என்ன சொல்கிறான்?” என்று ஹரோல்ட் சத்தமாகக் கேட்டார்.

“தொட்டில் வெறுமையாக இருக்கிறதாம்!” என்று டோரத்தி அவர் காதருகில் கத்தினார்.

“இல்லையே! மாட்டுக்குட்டி அளவில் ஒன்று கிடக்கிறதே!”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கிய பிறகு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளை தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். வைத்தது நான்தான். கேட்டபோது சொல்லாமல் இருந்ததும் நான்தான். பாட்டின் பொருள் இந்தப் பத்து நிமிடத்துக்கு முன்பு எனக்குத் தெரியாது. நான் கிறிஸ்தவனும் அல்ல, இந்து. மனைவியைக் கூப்பிடுவதற்காக அப்படி நினைக்க விட்டேன். வாழைப்பழத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. (அது கனகண்ணையின் பொறுப்பு.)

போதகர் என்னையே நான்கு மெழுகுதிரியையும் அணைக்கச் சொன்னார். வாயால் ஊதினேன். முன்வரிசையில் கனகண்ணை கண்ணை மூடிக்கொண்டு, “வாயாலை ஊதுறானடா, பாவி” என்று முணுமுணுத்தது கேட்டது. பிறகு ஹரோல்ட் கோலை நீட்டி ஒன்றை மட்டும் கொளுத்தினார். கை நடுக்கத்தில் நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படவில்லை. நான் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையால் வெளியே நடந்தேன். அது ஒவ்வொரு அடிக்கும் “மா…மா” என்றது. அந்தப் பாதையைப்போல் நீளமான பாதையை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

கோட்டுகள் தொங்கும் சிறிய அறையில் போய் ஒளிந்துகொண்டேன். வசந்திக்கு என்ன சொல்வது? உன் விசாவை ஒரு பொம்மைக்காக இழந்தேன் என்றா? அழுகை வந்தது. அழுதேன். பொம்மை கண்ணைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து டோரத்தி கதவைத் திறந்தார். கையில் கோப்பி.

“நீங்கள் இந்து என்பது எங்களுக்கு முதல் நாளே தெரியும்” என்றார். “கோட் எடுக்க வந்தபோது உங்கள் நெற்றியில் திருநீறு இருந்தது. கமிட்டி போன கிழமையே சம்மதித்துவிட்டது. இன்றைக்கு அதை அறிவித்து உங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்றிருந்தோம்.”

கோப்பியை என் கையில் தந்தார். அவர் போகத் திரும்பினார். பிறகு நின்றார்.

“அட்வென்ட் என்றால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் சபைக்கு விளங்கப்படுத்தவேண்டியிருக்கும். வராத ஒருவருக்காக ஒரு இடத்தை வெறுமையாக வைத்திருப்பது அவர்களுக்குப் புரிவதில்லை. உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். அலுமாரியில் ஸ்டிக்கர் உரிக்காமல் இருக்கும் நீலப்பூக் கோப்பை எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் கனகண்ணை ரீ ஊற்றப்போனதற்கு வீடதிரக் கத்தியவன், அடுத்தவர் தொட்டிலில் பொம்மையைக் கொண்டுபோய் அடைத்திருக்கிறேன். சபை முன்னால் பட்ட வெட்கம் பெரிது. கோட்டுகளுக்கு நடுவில் பட்டது அதைவிடப் பெரிது.

(வாழைப்பழம் இரண்டையும் கனகண்ணை பஸ்ஸில் உரித்தார். “பிரசாதமடா” என்று எனக்கு ஒன்றை நீட்டினார். எனக்கு இறங்கவில்லை. அவர் இரண்டையும் சாப்பிட்டார்.)

விசா வர இன்னும் ஒரு அட்வென்ட் கழிந்தது. அந்த ஆண்டும் போனேன், பின்வரிசையில் இருந்தேன். ஹரோல்ட் முதல் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, “அந்தப் பையனிடம் தீப்பெட்டி இல்லையே?” என்று சபைக்கே கேட்கும்படி விசாரித்தார். எண்பத்தெட்டில் வசந்தி வந்தாள். முதல் ரீயை நீலப்பூக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன்.

“என்னத்துக்கு இந்த ஸ்டிக்கர உரிக்காம வெச்சிருக்கீங்க?” என்றாள்.

கதையைச் சொன்னேன். பாட்டையும் பாடிக் காட்டினேன். முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், “மறுகா, இந்தக் கோப்பையக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாப் போதுமே. என்னத்துக்குப் பொம்மையத் தூக்கினீங்க?” என்றாள். அதன் பிறகு சிரிக்கத் தொடங்கியவள்தான். இன்னும் நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் ‘பொம்மை வைப்பது’ என்றால் காத்திருக்கப் பொறுக்காமல் எதையாவது செய்து வைப்பது. விருந்தினர் வருமுன் வடையைக் கடித்தால் பொம்மை. சோதனை முடிவு வருமுன் சொந்தக்காரருக்குச் சொன்னால் பொம்மை. தமிழ் பாதி ஆங்கிலம் பாதியாகப் பேசும் என் மகள்கூட இந்தச் சொல்லை மட்டும் முழுத் தமிழில் சொல்வாள்.

போன குளிர்காலத்தில் அவள் வரவேண்டிய விமானம் பனியால் பிந்திக்கொண்டே போனது. மேசையில் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, கறியையும் ஊற்றப்போனேன். ஆறினாலும் பரவாயில்லை, அது நிறைந்திருந்தால் அவள் பாதி வந்துவிட்டது போல் இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

“இஞ்ச, பொம்மைய வெக்காதீங்க” என்றாள் வசந்தி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

சோற்றைத் திரும்பச் சட்டியில் போட்டேன். கோப்பையைக் கழுவித் துடைத்து, மகளுடைய இடத்தில் வெறுமையாக வைத்தேன். வாசல் விளக்கு ஒன்றைப் போட்டுவிட்டு வந்து வசந்திக்குப் பக்கத்தில் இருந்தேன்.